ஒயர் முனையைக் கெடுக்காத கருவிகள்: எலக்ட்ரீஷியன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

எட்டு இஞ்ச் கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் ஒரு வீட்டின் வயரிங்கையே முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து "எம்.சி.பி. சும்மா சும்மா விழுது", "கீசர் பிளக் கருகுது" என்று வீட்டுக்காரர் கூப்பிடும்போது, ஒயரையும் எம்.சி.பி.யையும் (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) மாற்றுமுன் ஒயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். தோல் உரிக்கும் ஸ்ட்ரிப்பரும் லக்கை அமுக்கும் கிரிம்பிங் டூலும் தனியாக வாங்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்துவது அந்த முனைக்காகத்தான்.

முதலில் தோல் உரிப்பது. நாம் இழுக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் வழக்கமாக 0.3 மி.மீ. கனத்தில் 36 இழைகள் இருக்கும், 1.5-ல் 22, 4-ல் 56. பிளேயரின் வெட்டும் பகுதியில் லேசாகக் கடித்து இழுக்கும்போது ஐந்தாறு இழைகள் தோலோடு போய்விடும். ஆறு போனால் அந்த இடத்தில் ஆறில் ஒரு பங்கு செம்பு இல்லை. அறுந்து போனதையாவது கண்ணால் பார்க்கலாம். பாதி வெட்டுப்பட்டு நிற்கும் இழை தெரியாது; ஸ்க்ரூவை முறுக்கும்போது உள்ளேயே முறிந்துவிடும், அதன்பின் பிடியும் தளரும்.

ஸ்ட்ரிப்பர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் கிடைக்கும் பல ஸ்ட்ரிப்பர்களில் அமெரிக்க கேஜ் எண்கள்தான் இருக்கின்றன. அதில் 14 என்பது 2.08 ஸ்கொயர் எம்.எம்., 12 என்பது 3.31. நம் 2.5 ஒயரை 14-ம் எண் ஓட்டையில் வைத்தால் இழை வெட்டுப்படும், 12-ல் வையுங்கள். 1.5-க்கு 14, 4-க்கு 10. மி.மீ. அளவு அச்சிட்டது கிடைத்தால் அதையே எடுங்கள், கணக்குப் போடும் வேலை மிச்சம்.

அடுத்தது லக், அதாவது ஒயர் முனையில் மாட்டி அமுக்கும் உலோகக் குழல். பிளேயரால் நசுக்கிய லக் வெளியே தட்டையாக, இறுக்கமாகத்தான் தெரியும். உள்ளே இழைகள் இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் காற்று இடைவெளி நிற்கும். லோடு ஏறும்போது சூடாகி விரியும், நின்றதும் சுருங்கும். இப்படியே பிடி விட்டு, செம்பு கருத்து, சூடு மேலும் கூடும். ராட்செட் வகை கிரிம்பிங் டூல் முழு அழுத்தம் கொடுத்து முடிக்கும்வரை வாயைத் திறக்காது. அரைகுறையாக அமுக்கிவிட்டு எடுக்க வழியில்லை என்பதால்தான் கூடுதல் விலைக்கு அதையே சிபாரிசு செய்கிறோம்.

இன்சுலேஷன் போட்ட லக்கில் நிறமே அளவு: 1.5 வரை சிவப்பு, 1.5 முதல் 2.5 வரை நீலம், 4 முதல் 6 வரை மஞ்சள். டூலின் வாயிலும் அதே நிறப்புள்ளி இருக்கும். லக்கின் குழல் நீளத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக உரியுங்கள், இழை நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். அமுக்கியதும் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். வருவதென்றால் இப்போதே வரட்டும். மெல்லிய ஒயரை இரண்டாக மடித்துப் பெரிய லக்கில் திணிப்பதையும், முனைக்கு ஈயம் பூசி ஸ்க்ரூவின் கீழ் வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். இறுக்கிய ஸ்க்ரூ தானே லூஸாகும்.

எம்.சி.பி. ஸ்க்ரூவில் பலர் ஏமாறுவது ஸ்டார் டிரைவரில். ஸ்டாரின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ்; பெரும்பாலும் பி.இசட். 2 அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் ஆடும், இறுக்கும்போது நழுவி ஸ்க்ரூத் தலையைத் தின்றுவிடும். இறுகிவிட்டது என்று கை நம்பும், ஸ்க்ரூ இறுகியிருக்காது. லூஸ் முனையின் சூடு எம்.சி.பி.க்குள் இருக்கும் பைமெட்டல் தகட்டை வளைப்பதால் லோடு குறைவாக இருந்தாலும் விழும். வீட்டுக்காரரின் புகாரில் பாதிக்கு இந்தப் பத்து நிமிட வேலையே மருந்து: மெயினை அணைத்துவிட்டு, சரியான டிரைவரால் டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) முழுக்க ஒருமுறை இறுக்குங்கள்.

பிளேயர் கைப்பிடியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாமே ஷாக்கைத் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 V என்ற எழுத்தும் இருந்தால்தான் அது ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த கருவி. குறி இல்லாதது பிடிமானத்துக்கு மட்டும். இரண்டு நிற அடுக்கு உள்ளதில் மேல் நிறம் தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பி.வி.சி. டேப் சுற்றி ஓட்ட வேண்டாம்.

டெஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக: எரிந்தால் பேஸ் (சப்ளை வரும் ஒயர்) உண்டு. எரியாவிட்டால் சப்ளை இல்லை என்று பொருளல்ல. பல்பு போயிருக்கலாம், வெயிலில் தெரியாமலும் இருக்கலாம். சுவிட்ச் போட்ட நிலையில் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்தால் நியூட்ரல் கட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கை வைக்குமுன் சப்ளை உள்ள இடத்தில் ஒருமுறை, வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை, மறுபடி சப்ளை உள்ள இடத்தில் ஒருமுறை டெஸ்டரை வைத்துப் பாருங்கள்.

கவுண்டரில் 1.5, 2.5, 4 ஒயர் துண்டுகளும் மூன்று நிற லக்கும் வைத்திருக்கிறோம். ஸ்ட்ரிப்பரோ கிரிம்பிங் டூலோ எடுப்பதற்கு முன் அதில் உரித்து, அமுக்கி, இழைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.