நூல் விலை ஏறினால் தையல் கூலி ஏன் குறைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூல் விலை உயர்வு பற்றிய செய்திகளில் மில்காரர்கள் பஞ்சு விலையைக் காட்டுகிறார்கள், பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்கிறார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் கீழே நிட்டிங், சாயம், பிரிண்டிங், பவர்டேபிள், காஜா பட்டன் என்று ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை, செய்கிற பெரிய கூட்டமே இருக்கிறது. திருப்பூரில் பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் தையல் யூனிட், நடத்துகிறவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

2021 நவம்பரில் நூல் கிலோவுக்கு ஒரேயடியாக 50 ரூபாய் ஏறியது. 26ஆம் தேதி ஊரே வேலையை நிறுத்தியது. 2022 மே மாதம் மறுபடியும் 40 ரூபாய், மறுபடியும் இரண்டு நாள் வேலைநிறுத்தம். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு லட்சம் ரூபாயைத் தொட்ட நேரம் அது. பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு ஏப்ரலிலேயே நீக்கியிருந்தது. ஆனாலும் வெளிநாட்டுப் பஞ்சு கப்பலேறி வந்து சேர மாதக்கணக்கு ஆகுமே!

ஏற்றுமதிக் கம்பெனிகள் பையரிடம், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம், முதலில் விலையைப் பேசி முடித்துவிடுவார்கள். சாம்பிள் காட்டி, ஓகே வாங்கி, நூல் வாங்கப் போவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். ஒரு கிலோவில் நாலைந்து டி-சர்ட் வரும் என்று வைத்தால், 40 ரூபாய் ஏற்றம் ஒரு டி-சர்ட்டுக்கு எட்டு, பத்து ரூபாய். பல ஆர்டர்களில் கம்பெனிக்கு மிஞ்சுவதே அவ்வளவுதான். பேசிய விலையை பையர் மாற்ற மாட்டார். மில்லில் பணம் கட்டினால்தான் நூல். அப்புறம் கை வைக்க மிச்சமிருப்பது எங்கள் கூலி ஒன்றுதான்.

அந்த ஆண்டு நாங்கள் தைத்துக் கொடுத்த ஒரு கம்பெனி, பீஸுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னது. வேலை போய்விடக் கூடாதே என்று சரி என்றோம். பில் பணம் நாலு மாதம் கழித்து வந்தது. தையல்காரர்களுக்கோ சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தோம். பிறகு நூல் விலை இறங்கியது. குறைத்த ஒரு ரூபாய் மட்டும் திரும்பி வரவில்லை. அட்டைப் பெட்டி, பாலிபேக் கொடுக்கிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இப்போது கெடு தவறினால் அந்தத் தொகையை, பணத்தைக் கொடுத்து முடிக்கிற ஆண்டின் வருமான வரிக் கணக்கில்தான் செலவாகக் கழிக்க முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புகார் கொடுத்தவனுக்கு அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்? மேலும் அந்தச் சட்டம் பணம் தரும் நாளைத்தான் பார்க்கிறது, கூலியைக் குறைப்பதைப் பார்ப்பதில்லை.

இரும்பு, அலுமினியம் விலை மாறினால் பெரிய கார் கம்பெனிகள் தங்களுக்கு நேரடியாக உதிரி பாகம் தருகிறவர்களுக்கு விலையைத் திருத்தித் தருகின்றன. அதேபோல நூல் விலையோடு சேர்ந்து டி-சர்ட் விலையும் மாறும்படி பையர்களிடம் ஏற்றுமதியாளர் சங்கங்கள் ஒன்றாக நின்று பேச வேண்டும். ஒற்றைக் கம்பெனி கேட்டால், அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பையர் வங்கதேசத்தைக் காட்டுவார். உள்ளூரில், ஒத்துக்கொண்ட கூலியை நூல் விலையைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது என்ற ஒரு வரியை ஆர்டர் காகிதத்திலேயே எழுத வேண்டும். மாநில அரசு முன்நின்று இரு தரப்பையும் உட்கார வைத்தால் அடுத்த சீசனுக்குள்ளேயே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
பவர்டேபிள் உரிமையாளர்,
திருப்பூர்