கை தேய்த்த இடம்

அன்புள்ள தம்பிக்கு,

மூடிக் கிடக்கும் ஆலைகளையும் பழைய ஆஸ்பத்திரிகளையும் படமெடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். போ. ஆனால் உரிந்த பெயின்ட்டைத் துரத்திக்கொண்டு அலையாதே, அது எங்கே போனாலும் ஒரே மாதிரிதான் உரியும். ஆட்கள் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவர்கள் வேலை செய்த தடம் அப்படியே இருக்கிறதே, அதுதான் நம்மை இழுப்பது. ஒரு பெரிய வால்வின் சக்கரத்தைக் கிட்டப் போய்ப் பார். சுற்றிலும் பெயின்ட் கெட்டியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்துபோயிருக்கும். தினமும் கை பிடித்த இடம். பெயின்ட் போனதால் துருவும் அங்கேதான் முதலில் ஏறும். ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரில் இடுப்பு உயரத்தில் நெடுகக் கீறல் ஓடினால், அது ஸ்ட்ரெச்சர் உரசியது. இதற்கெல்லாம் 50 மி.மீ. லென்ஸ் போதும்.

ஃப்ளாஷ் வேண்டாம். காற்றில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளை வட்டங்களாகப் படத்தில் விழும். போதாததற்கு, அந்தக் கட்டடங்களே வெளிச்சத்துக்காகக் கட்டப்பட்டவை. ரம்பப் பல் மாதிரிக் கூரை போட்ட நெசவாலைகளில் கண்ணாடிப் பக்கம் வெயில் படாத திசையைப் பார்த்திருக்கும். பூமியின் வடபாதியில் அது வடக்கு. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கண்ணும் கூசக் கூடாது என்று செய்த ஏற்பாடு. தறி போனாலும் அந்த வெளிச்சம் இருக்கிறது.

டிரைபாட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 8. ஷட்டர் இரண்டு விநாடியோ இருபது விநாடியோ ஆகட்டும். இரண்டு விநாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு. மரத்தளமாக இருந்தால் ஷட்டர் மூடும்வரை கால் மாற்றி நிற்காதே. பலகை அசைந்து படம் கலங்கும். ஜன்னலும் இருட்டும் ஒரே படத்தில் வந்தால் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) இடைவெளியில் மூன்று எக்ஸ்போஷர் எடு, ஆனால் சேர்க்கும்போது அடக்கி வாசி. வெயில் நேரத்தில் ஜன்னல் வெளுத்துத் தெரிவதுதான் இயல்பு. 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் சேர்ந்து படமெடுத்த ஜெர்மானியப் போட்டோக்காரர்கள் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நேருக்கு நேர் நின்று எடுத்தார்கள். வித்தை எதுவும் இல்லை, இருந்தும் கண் நகராது.

இனி, நீ வேகமாகப் படித்துத் தாண்டிவிடக்கூடிய பகுதி. மெதுவாகப் படி.

உரிமையாளரின் அனுமதி கையில் இல்லாமல் உள்ளே போகாதே. தனியாகவும் போகாதே. பாசி பிடித்திருக்கும் மரத்தளத்தில் மேலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அடியில் உத்திரம் உளுத்திருக்கும், அதில் கால் வைக்காதே. மற்ற இடத்திலும் சுவரோரமாக, ஆணி வரிசையின் மேலேயே நட. ஆணி இருக்கும் இடத்தில்தான் அடியில் உத்திரம் இருக்கும். ஆலைத் தரையில் தேங்கிய தண்ணீர் குட்டை மாதிரித் தெரியும்; மூடி இல்லாத குழியாகவும் இருக்கலாம். மூடிய இரும்புத் தொட்டிக்குள் தலையைக்கூட நீட்டாதே. துருப் பிடிக்கும்போது இரும்பு உள்ளேயிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவான்.

பாய்லர் குழாய்களைச் சுற்றிக் கட்டுப் போட்டதுபோல் வெளுத்த பூச்சு இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள், தொடாதே. நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 மாஸ்க் போடு; துணி மாஸ்க்கால் பயனில்லை. தாடி இருந்தால் எஃப்எஃப்பி3கூட முகத்தோடு ஒட்டாது. (இதைச் சாக்காக வைத்துத் தாடியை எடுக்கச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.) புறா எச்சம் காய்ந்து கிடக்கும் அறையில் எதையும் தட்டாதே, பெருக்காதே, அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் இருக்கலாம்.

முதலில் பழக வேண்டுமென்றால் ஜெர்மனியில் எஸ்ஸன் நகரின் ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் போன்ற இடத்துக்குப் போ. 1986இல் மூடியது, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கலாம், தளம் உடையாது.

ஒன்று விட்டுப்போயிற்று. ஜன்னலைப் பார்த்தபடி அறை நடுவில் ஒற்றை நாற்காலி கிடந்தால் அதன் காலடித் தூசியைப் பார். இழுத்த கோடு தெரிந்தால், உனக்கு முன்னால் வந்த போட்டோக்காரர் போட்டது அது. விட்டுவிட்டு, சுவரில் சாவி மாட்டும் எண் பலகை இருக்கிறதா என்று தேடு.

உள்ளே போகும் முன் எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு வெளியே வருவாய் என்று செய்தி அனுப்பு. கான்கிரீட்டுக்குள் சிக்னல் இருக்காது.

அம்மா