திருகோணமலை உயிரியல் ஆசிரியர்களுக்கு: அந்த 'மட்டும்' வேண்டாமே

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். தனியார் வகுப்பில் கொடுத்த குறிப்பில் ஒரு வரி: "நரம்புப் பசைக்கலங்களின் தொழில் தாங்குவதும் போசணை கொடுப்பதும் மட்டும்." கடைசிச் சொல்லுக்குக் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.

மூளையில் நரம்புக்கலங்களைச் சூழ்ந்திருக்கும் இந்தக் கலங்களுக்குப் 'பசை' என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்தது. பெயரோடு எண்ணமும் ஒட்டிக்கொண்டது. 1990இல் வளர்ப்புத் தட்டிலிருந்த அஸ்ட்ரோசைட்டுகளுக்கு (நட்சத்திர வடிவப் பசைக்கலங்கள்), நரம்புக்கலங்கள் செய்தி கடத்தப் பாவிக்கும் குளுட்டமேற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்புக்கலம்போல மின்துடிப்பு அனுப்பாத அந்தக் கலங்களுக்குள் கல்சியம் ஏறியது. அலையாகப் பக்கத்துக் கலங்களுக்கும் பரவியது.

நடப்பது இதுதான். இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் நரம்பிணைப்பில் சிந்தும் குளுட்டமேற்று அஸ்ட்ரோசைட்டின் வாங்கியில் பொருந்துகிறது. உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உண்டாகி, அகமுதலுருச் சிறுவலையின் கதவைத் திறக்கிறது. அங்கே சேர்த்து வைத்திருந்த கல்சியம் குழியவுருவுக்குள் கொட்டுகிறது. அப்புறம் அந்தக் கலமே குளுட்டமேற்று, டி-செரின், ஏரிபி போன்றவற்றை வெளிவிடலாம். டி-செரின், நரம்புக்கலத்தில் குளுட்டமேற்றை வாங்கும் என்எம்டிஏ வாங்கி திறக்கக் கைகொடுக்கும். ஏரிபி உடைந்து அடினோசினாகி, நரம்புமுனை சிந்தும் குளுட்டமேற்றைக் குறைக்கும். ஏற்றவும் தெரியும், இறக்கவும் தெரியும்! எலியின் ஒரு அஸ்ட்ரோசைட்டே ஏறத்தாழ 1,00,000 நரம்பிணைப்புகளைத் தொட்டு நிற்கிறது.

இதைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "கரைவலை இழுக்கேக்க கயிறு பிடிக்காமல் நிண்டு சத்தம் போடுவாரே, அவரா அப்பா?" கிட்டத்தட்ட அவர்தான். ஆனால் இவர் வாய் திறக்கச் சில செக்கன் பிடிக்கும்; நரம்புக்கலங்கள் மில்லிசெக்கனில் பேசி முடித்துவிடும்.

எல்லாம் தீர்ந்த விடயம் என்று சொல்லவரவில்லை. அந்தக் கல்சியக் கதவின் முக்கிய வகையை நீக்கிய எலிகளில் நரம்பிணைப்பு வழமைபோலவே இயங்கியதாக 2010இல் ஒரு ஆய்வு வந்தது. உயிருள்ள மூளையில் இந்தச் செல்வாக்கு எவ்வளவு என்று இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையையும் சொல்லலாம், தூக்கம் கலையும்.

நான் கேட்பது அரைப் பாடவேளை. கரும்பலகையில் இரண்டு நரம்புமுனைகளை வரையும்போது பக்கத்தில் மூன்றாவதாக அஸ்ட்ரோசைட்டுக்கும் ஒரு கோட்டுருவம் போடுங்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் 'முக்கூட்டு நரம்பிணைப்பு' என்ற கருத்து 1999இலேயே வந்துவிட்டது.

மகளின் குறிப்பில் அந்தச் சொல்லை நானே வெட்டிவிட்டேன். சோதனை முடியும்வரைக்கும் இருக்கட்டும் என்று அவள் பென்சிலால் திரும்ப எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்