செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: விட்டுவிட்டு வரும் யூஎஸ்பி இணைப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, பர்கூர் பகுதிகளிலிருந்தும் அண்டை மாவட்டமான தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரிக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கான லினக்ஸ் அறிமுக வகுப்பும் நடைபெற்றது. இவற்றை விரித்துரைக்காமல், ஆண்டு முழுவதும் நம் சங்கத்தின் பழுதுபார்ப்பு மேசையை நிறைத்திருந்த ஒரே குறையைப் பற்றி இவ்வறிக்கையின் பெரும்பகுதியில் கூற விரும்புகிறேன். ஒற்றைப் பலகையில் அமைந்த சிறு கணினியையே போர்டு என்கிறோம். பட்டுப்புழு வளர்ப்பு மனையில் ஈரப்பதம் குறிக்கும் போர்டானாலும், எடை மேடையோடு இணைத்த போர்டானாலும், படிப்பகத்தில் பாடக் காணொளிகளை வழங்கும் போர்டானாலும், கொண்டுவந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: “யூஎஸ்பி நிற்கமாட்டேன் என்கிறது, போர்டு போய்விட்டது போலிருக்கிறது.” நாம் சோதித்துப் பார்த்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் போர்டு நலமாகவே இருந்தது. சுவரில் உள்ள பிளக்கிற்கும் போர்டுக்கும் இடையேதான் குறை இருந்தது.

முதற்காரணம் மின்சாரம். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு துளையிலிருந்து ஒரு கருவி 500 மில்லியாம்பியர் வரை கேட்கலாம், யூஎஸ்பி 3.0 எனில் 900 மில்லியாம்பியர். ஆனால் ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் ‘பை’) நிறுவனத்தின் பை 4 போர்டில் நான்கு துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் உண்டு. இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் தானே ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுத்துவிடக் கூடும். பக்கத்துத் துளையில் ஒரு வைஃபை டாங்கிளும் இருந்தால் இரண்டில் ஒன்று விழுந்துவிடும். பை 5 இன்னும் நுட்பமானது. அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும்; 3 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் போர்டு தானாகவே யூஎஸ்பி துளைகள் அனைத்துக்குமான அளவை 600 மில்லியாம்பியராகக் குறைத்துக்கொள்கிறது. செல்பேசிக்கான 65 வாட் சார்ஜர் வைத்திருப்பதால் மின்சாரத்துக்குக் குறைவில்லை என்று உறுப்பினர் பலர் நம்புகின்றனர். அத்தகைய சார்ஜர்கள் அந்த 65 வாட்டை 20 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தங்களில்தான் தருகின்றன. 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடுகின்றன. வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்காமல், 5 வோல்ட்டுக்கு நேரே அச்சிட்டிருக்கும் ஆம்பியரைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அடாப்டரைவிடக் கேபிளே கூடுதலான தொல்லை தந்தது. பேருந்து நிலையக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய சார்ஜிங் கேபிள்கள் பலவற்றின் உட்கம்பி 28 கேஜ் அளவுடையது (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் கணக்கிட்டால் ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.43 ஓம். போர்டு ஒன்றரை ஆம்பியர் எடுக்கும்போது கேபிளிலேயே 0.64 வோல்ட் தொலைந்துவிடும். அடாப்டர் 5.1 வோல்ட் கொடுத்தாலும் போர்டை வந்தடைவது 4.46 வோல்ட், ராஸ்பெர்ரி பை போர்டுகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலே குறைமின்னழுத்தம் என்று அறிவிப்பவை. மதகில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு எட்டாத கதைதான் இது. அதே நீளத்தில் 20 கேஜ் கம்பியுள்ள கேபிளைப் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்டாகக் குறைந்துவிடுகிறது. ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் அடாப்டர் 5 வோல்ட்டாக இல்லாமல் 5.1 வோல்ட்டாக இருப்பதும், தடித்த கேபிள் அதிலேயே பிணைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. பை போர்டுகளில் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ (vcgencmd get_throttled) என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் விடை சுழியமாக இருக்க வேண்டும். 50000 என்று வந்தால், போர்டைத் தொடங்கிய பின் எப்போதோ அழுத்தம் குறைந்து, அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 50005 என்று வந்தால் இந்தக் கணத்திலும் அந்நிலை நீடிக்கிறது. மற்ற நிறுவனப் போர்டுகளில் இக்கட்டளை இல்லை. மல்டிமீட்டரைப் போர்டின் ஊசிவரிசையில் 5 வோல்ட், தரை ஊசிகளில் (பை போர்டில் 4ஆம், 6ஆம் ஊசிகள்) வைத்தே அளந்தாக வேண்டும். பை போர்டிலும் அளப்பதாயின் 2ஆம் ஊசியைத் தவிர்த்து 4ஆம் ஊசியையே பயன்படுத்துங்கள். 2ஆம் ஊசியிலிருந்து முனை வழுக்கிப் பக்கத்திலுள்ள 1ஆம் ஊசியைத் தொட்டால் 3.3 வோல்ட் பாதையில் 5 வோல்ட் ஏறிப் போர்டு உண்மையாகவே போய்விடும். பிற போர்டுகளில் ஊசிகளின் வரிசையை அவற்றின் வரைபடத்தில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி என்பதால் கண்ணிமைக்கும் நேரச் சரிவு அதில் தெரியாது. அதற்கு, இயங்குதளத்தின் கருவான கர்னல் எழுதிவரும் பதிவையே நம்ப வேண்டும்.

கர்னல் பதிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘டிமெஸ்ஜி’ கட்டளை காட்டும் அந்தப் பதிவு போர்டின் நினைவகத்தில் மட்டுமே இருப்பது. மின்சாரத்தை எடுத்த மறுகணம் அழிந்துவிடும். இணைப்பு விட்டதும் நம் உறுப்பினர்கள் முதலில் பிளக்கைப் பிடுங்குகின்றனர். அத்துடன் சாட்சியமும் போய்விடுகிறது. போர்டை அணைக்கும் முன் அந்தப் பதிவை ஒரு கோப்பில் சேமித்து அனுப்புங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டோம். ஆண்டின் பிற்பகுதியில் பலர் அவ்வாறே அனுப்பத் தொடங்கியதும் மேசையில் வேலை பாதியாகச் சுருங்கியது போல் இருந்தது. பதிவில் பிழை எண் −71 வந்தால், கருவியும் போர்டும் பேசிக்கொள்ளும் சமிக்ஞை சிதைகிறது என்பது பொருள். கேபிளையும் துளையையும் பாருங்கள். −110 வந்தால் கேட்ட கேள்விக்குக் கருவி உரிய நேரத்தில் விடையளிக்கவில்லை. மின்சாரக் குறைவில் இது அதிகம் காணப்படும். கருவி மீண்டும் மீண்டும் ‘ரீசெட்’ ஆவதாக வரும் வரிகளின் நேரக்குறிப்பை அருகிலுள்ள மோட்டார் ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனையில் இவ்வாறு ஒப்பிட்டதில்தான் விடை கிடைத்தது. இளம்புழுப் பருவத்தில் 27, 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். புழு வளர வளர இரண்டையும் குறைத்து, ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி, 70 விழுக்காடு என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கண்காணிக்க அந்த உறுப்பினர் ஆர்எஸ்-485 என்ற சீரியல் கம்பி முறையில் இயங்கும் சென்சார்களை, அதை யூஎஸ்பியாக மாற்றும், சிஎச்340 சில்லு கொண்ட கன்வெர்ட்டர் வழியே போர்டோடு இணைத்திருந்தார். புகைமூட்டம் போல நீர் தெளிக்கும் கருவியின் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் கன்வெர்ட்டர் அறுந்து மீண்டும் சேர்ந்தது. மின்காந்தக் குறுக்கீடாக இருக்குமோ என்ற ஐயத்தை எழுப்பியபடி, துளையை ஹப் (ஒரே இணைப்பைப் பல துளைகளாகப் பிரிக்கும் பகுதி) அணைத்துவிட்டதாகக் கர்னலே பதிந்திருந்தது. மீண்டும் சேர்ந்த கன்வெர்ட்டருக்கு ‘டிடிஒய்யூஎஸ்பி0’ என்ற பழைய பெயர் போய் ‘டிடிஒய்யூஎஸ்பி1’ என்ற புதிய பெயர் வந்திருந்தது. நிரலோ பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்ததால் அளவுகள் எதுவும் பதியப்படவில்லை. இலையுண்ணும் பசி உச்சத்திலிருக்கும் ஐந்தாம் பருவத்தில் ஓர் இரவு முழுவதும் அளவு தெரியாமல் போவது ஒரு வளர்ப்புத் தொகுதியையே பாதிக்கக் கூடியது. அவருடைய கவலையை நாங்கள் நேரில் கண்டோம்.

மோட்டாரையும் போர்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து பிரித்து, கன்வெர்ட்டர் கேபிளைக் குட்டையான கவசமுள்ள கேபிளாக மாற்றி, அதில் மின்னிரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் உருளை ஒன்றை மாட்டியதும் அறுபடுவது நின்றது. துளைகளின் தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்ததையும் கவனித்தோம். மனையைத் தூய்மைப்படுத்தத் தெளிக்கும் பிளீச்சிங் தூளின் குளோரின் செம்பை அரித்ததால் வந்தது அது. மருந்து தெளிக்கும் நாட்களில் போர்டை வெளியே எடுத்துவைக்க வேண்டும். பெயர் மாறும் சிக்கலுக்கு, சாதனக் கோப்புறையின் ‘சீரியல்’ பகுதியில் உள்ள நிலையான பெயர்களை நிரலில் எழுதினால் போதும். ஆனால் சிஎச்340 சில்லுகளில் பொதுவாகத் தனி வரிசை எண் இருப்பதில்லை. ஒரே வகைக் கன்வெர்ட்டர் இரண்டு இருந்தால் ‘பை-ஐடி’ (by-id) என்ற பெயரால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. எந்தத் துளையில் செருகியது என்பதைக் குறிக்கும் ‘பை-பாத்’ (by-path) பெயரைத்தான் அங்கே எழுத வேண்டும், கன்வெர்ட்டரைத் துளை மாற்றிச் செருகவும் கூடாது.

மாங்காய்ப் பருவத்தில் வந்த எடை மேடைக் குறையில் காரணம் தூரம். மேடையின் காட்டுகருவியிலிருந்து அலுவலக அறை வரை யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்திருந்தனர். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டருக்கு மேல் அனுமதியில்லை. கன்வெர்ட்டரைப் போர்டுக்கு அருகே கொண்டுவந்து, நீளத்தைச் சீரியல் கம்பிக்கு விட்டுவிட்டோம். ஆர்எஸ்-232 வகைச் சீரியல் கம்பி சுமார் 15 மீட்டர் வரை தாங்கும், ஆர்எஸ்-485 ஆயிரம் மீட்டரையும் கடக்கும். தோத்தாபுரி வண்டிகள் வரிசையில் நிற்கும் நாட்களிலும் அந்த மேடையின் இணைப்பு பிறகு விடவில்லை.

கொடையாக வந்த பழைய போர்டுகளைப் பற்றி ஒரு குறிப்பு. 2012ஆம் ஆண்டின் முதல் தொகுதிப் பை போர்டுகளில் ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் 140 மில்லியாம்பியர் உருகி இருந்தது. சற்றுப் பெரிய விசைப்பலகைகூட அதில் தடுமாறும். மேலும் அன்று முதல் பை 3 வரையிலான, வலைக் கேபிள் துளையுள்ள போர்டுகளில் அந்தத் துளையும் உள்ளே யூஎஸ்பி வழியாகவே இணைந்திருக்கிறது. பெண்டிரைவைச் செருகியதும் வலையிணைப்பும் சேர்ந்து விழுந்தால் அவை இரண்டு குறைகள் அல்ல. பை 4 முதல் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டுவிட்டன.

தனி மின்சாரமுள்ள ஹப் வாங்குவதே பல குறைகளுக்கு நல்ல தீர்வு. ஆனால் மலிவான சில ஹப்கள் மின்சாரத்தைப் போர்டுக்குள் பின்னோக்கியும் செலுத்துகின்றன. போர்டின் அடாப்டரைக் கழற்றிய பிறகும் அதன் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தால் அந்த ஹப்பைப் பயன்படுத்தாதீர்கள். படிப்பகத்தின் பை 4 போர்டில் ஹார்டு டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் செருகியபோது வைஃபை தடுமாறியதற்குக் காரணம் வேறு: அந்த வேகத்தில் யூஎஸ்பி எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரியாயிற்று.

மென்பொருள் திருத்தங்களைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். சில ஹார்டு டிஸ்க் அடாப்டர்கள் ‘யூஏஎஸ்’ எனும் வேகமான தரவுப் பரிமாற்ற முறையில் தடுமாறும்போது அவற்றின் எண்ணைக் குறிப்பிட்டு அம்முறையை நிறுத்தலாம், வேகம் சற்றுக் குறையும். கருவி உறங்கிவிடுவது ஐயமெனில் தானுறக்கத்தை −1 என்று அமைத்து நிறுத்தலாம். இரண்டும், போர்டு தொடங்கும்போது படிக்கும் ‘சிஎம்டிலைன்’ கோப்பில் ஒரே வரியில் இருக்க வேண்டும். வரி முறித்தால் போர்டு தொடங்காமலே போகலாம். மின்சாரமும் கேபிளும் சரியென்று அளந்தறியும் முன் இக்கோப்பைத் தொடுவதை நான் ஏற்கவில்லை. அப்படித் தொட்டவர்களின் போர்டுகளில் பழைய குறையோடு புதிய குறையும் சேர்ந்தே வந்தது.

மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்ட மாணவ உறுப்பினர்களுக்கும், கூட்டம் நடத்த மாடியறையைக் கட்டணமின்றித் தந்த உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறது. உறுப்பினர்களின் கேபிள்களைச் சங்கத்தில் சுமையேற்றி அளந்து, தேறியவற்றுக்கு அளவு எழுதிய சீட்டு ஒட்டித் தருவது. பின்னோக்கி மின்சாரம் செலுத்தாத, தனி மின்சாரமுள்ள ஹப்களைச் சங்கச் செலவில் வாங்கி, சோதனைக்காக இரவல் தருவது. கர்னல் பதிவும் மின்னழுத்த அளவும் இல்லாமல் எந்தப் போர்டுக்கும் மாற்றுப் போர்டு வாங்கப் பரிந்துரை செய்வதில்லை என்று முடிவெடுப்பது. இவற்றையும் இவ்வறிக்கையையும் விவாதித்து ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கிருஷ்ணகிரி