ஏழு மணியா, ஒரு மணியா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானில் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், இரவுப் பணி முடித்துப் போகிறவர்கள் காலையில் மோஷிஒகுரி, அதாவது அடுத்து வருகிறவர்களிடம் ஒப்படைக்கும் விவரம், சொல்லும்போது, எந்தத் தாத்தாவுக்கு எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் காய்ச்சல் பார்த்தார்கள் என்ற எண்கள் மட்டும் காதில் நிற்பதில்லை என்றாய். போனில் சொல்லித் தந்தால் காற்றோடு போய்விடும். அதனால் ஜப்பானிய மொழியில் மணி சொல்வதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை நம்பு. தமிழ் பேசுகிறவளுக்கு இது கஷ்டமான பாடம் இல்லை. 'கொஸென் ஷிச்சிஜி ஹன் நி ஒகிமாஸ்.' காலை, ஏழு மணி, அரை, க்கு, எழுந்திருக்கிறேன். சொற்கள் ஏறக்குறைய நம் வரிசையிலேயே நிற்கின்றன. காலை, மாலை என்பதை நாமும் முன்னால்தானே சொல்கிறோம்? 'நி' என்பது நம் 'க்கு'. 'கரா' என்றால் இருந்து, 'மதெ' என்றால் வரை. 'ஹச்சிஜி மதெ' எட்டு மணி வரை. 'ஹச்சிஜி மதெ நி' எட்டு மணிக்குள். குப்பையை எட்டு மணிக்குள் வெளியே வைக்கச் சொல்லும் அறிவிப்பில் அந்தச் சின்ன 'நி' இருக்கும், பார்.

மணிக்கு 'ஜி'. ஒன்றிலிருந்து சத்தமாகச் சொல்லிப் பார்: இச்சிஜி, நிஜி, ஸன்ஜி, யொஜி, கொஜி, ரொக்குஜி, ஷிச்சிஜி, ஹச்சிஜி, குஜி, ஜூஜி, ஜூஇச்சிஜி, ஜூநிஜி. இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். நாலுக்கு ஷி, யொன் என்று இரண்டு பெயர் படித்திருப்பாய். மணி சொல்லும்போது இரண்டும் கிடையாது, வெறும் 'யொ'. ஒன்பதுக்கு 'க்யூ' இல்லை, 'கு'. ஐந்தின் 'கொ'வைத் தங்கம் என்பதில் வரும் ககரம் போல மென்மையாகச் சொல். ஒன்பதைக் குடம் என்பது போல அழுத்திச் சொல்.

மூன்றாவது ஏழு. ஜப்பானில் அகாஷி நகரத்தில் நாங்கள் குடியிருந்த இரண்டு வருஷம் உனக்குத் தெரியும். போன புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள், ஞாயிற்றுக்கிழமை ஷிச்சிஜிக்கு ஸ்டேஷனுக்கு வா, சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்றார். என் காதில் 'இச்சிஜி' என்றுதான் விழுந்தது. மதியம் ஒரு மணிக்குப் போய் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். என்னை மறந்துவிட்டார் என்று நினைத்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவரோ ஏழு மணிக்கு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். மறுநாள் விஷயம் தெரிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் மன்னிப்புக் கேட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னவோ செய்கிறது. அன்றிலிருந்து அவர் என்னிடம் 'நனஜி' என்றே சொல்லுவார். ஏழுக்கு 'நன' என்றும் பெயர் உண்டல்லவா? மணிக்கு ஷிச்சிஜிதான் முறை. ஆனால் ஒன்றோடு குழம்பக் கூடாத இடத்தில் ஜப்பான்காரர்களே நனஜி என்று சொல்வதுண்டு. மருந்து விஷயத்தில் நீயும் அப்படியே சொல். சந்தேகம் வந்தால் 'நனஜி தெஸ் கா?', ஏழு மணியா, என்று திருப்பிக் கேள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இனி நிமிஷம். இதுதான் உன்னைப் படுத்துகிறது என்று நினைக்கிறேன், எண்ணுக்கு எண் ஒலி மாறுவதால். இப்புன், நிஃபுன், ஸன்ப்புன், யொன்ப்புன், கொஃபுன், ரொப்புன், நனஃபுன், ஹப்புன், க்யூஃபுன், ஜுப்புன். நாம் மூன்றும் நூறும் சேர்த்து முந்நூறு என்கிறோம், எட்டும் பத்தும் சேர்த்து எண்பது என்கிறோம். யாராவது விதி பார்த்தா சொல்கிறோம்? நாக்குக்குச் சௌகரியமான இடத்தில் ஒலி போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே கதைதான் இது. இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய நாலுக்கும் 'ஃபுன்', மற்றதற்கெல்லாம் 'புன்' என்று வைத்துக்கொள். நாலு இங்கே யொன், ஒன்பது இங்கே க்யூ, மணியிலிருந்து மாறுகிறது. முப்பது நிமிஷத்துக்கு 'ஹன்' போதும். நம்மைப் போல கால், முக்கால் என்று தனிச்சொல் வைத்துச் சொல்வதில்லை, பதினைந்து நிமிஷம் என்றே சொல்வார்கள். எட்டாகப் பத்து நிமிஷம் என்பதை 'ஹச்சிஜி ஜுப்புன் மாஎ' என்பார்கள். ஏழு மணி வாக்கில் என்றால் 'ஷிச்சிஜி கொரொ'.

உன் வேலைக்கு இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. மணி வேறு, மணி நேரம் வேறு. 'நிஜி' இரண்டு மணி, 'நிஜிகன்' இரண்டு மணி நேரம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க 'நிஜிகன் கொதொ நி' என்று எழுதியிருந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று அர்த்தம். இரண்டு மணிக்கு மட்டும் போய் நிற்காதே. பதிவேட்டில் 24 மணிக் கணக்கு வந்தால், 17 என்பது ஜூஷிச்சிஜி, அதாவது சாயங்காலம் ஐந்து. 12ஐக் கழித்துப் பார்த்துக்கொள்.

மூன்று மணிக்கு அங்கே பாட்டி தாத்தாக்களுக்கு ஒயத்ஸு என்று தின்பண்டம் கொடுப்பீர்களே, அந்தப் பெயரும் ஒரு மணிதான். அந்தக் காலத்தில் விடிவதிலிருந்து இருட்டும் வரை ஆறு பங்கு, இருட்டியதிலிருந்து விடியும் வரை ஆறு பங்கு என்று நாளைப் பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். மணியடிப்பது உச்சிவேளையில் ஒன்பது, அடுத்து எட்டு, ஏழு என்று இறங்கி நாலு வரை. நடு ராத்திரியில் மறுபடி ஒன்பது. மதியத்துக்குப் பின் வரும் எட்டுதான் 'யத்ஸு'. அந்த வேளையில் தின்கிற பண்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1873இல் புது நாட்காட்டி வந்தபோது அந்தக் கணக்கு போய்விட்டது, பண்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டுப் பார், உன்னை உட்கார வைத்துக் கதை சொல்லுவார்.

ஒரு நாள் லீவு கிடைத்தால் அகாஷிக்குப் போய் வா. ஜப்பான் முழுவதும் கடிகாரம் வைப்பது கிழக்கே 135 பாகை தீர்க்கரேகையை வைத்து. அந்தக் கோடு அகாஷி வழியாகப் போகிறது. கோளரங்கத்தின் மணிக்கூண்டு அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. அதன் கீழே நின்றுதான் அப்பா எனக்கு மணி சொல்லப் பழக்கினார்.

அங்கே நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே முழு மணி அடித்தால் உனக்கு எப்போதும் ஹன் வரும், அதனால் என் நாக்கிலும் இப்போது ஹன்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன். எடுத்ததும் 'இமா நன்ஜி?', இப்போது மணி என்ன, என்று கேட்பேன். கடிகாரத்தைப் பார்த்து நீயே சொல், சாப்பிட்டாயா என்று அப்புறம் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா