திரும்புகிற படகு எத்தனை மணிக்கு?

அன்பின் மச்சான்,

ஓகஸ்டில் பிள்ளைகளோடு வந்து யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க நீ போட்ட பட்டியல் வந்து ஏழு கிழமை ஆகிறது. நான் பதில் போடவில்லை என்று நீ மொட்டையிடம் முறைப்பட்டதும், அவன் அதற்குக் கை கால் வைத்து ஊரெல்லாம் பரப்பியதும் என் காதுக்கு வந்தாயிற்று. கோபப்படாதே, காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மூத்தவள் சோதனை எழுதி முடித்துவிட்டு நித்திரையையே தொழிலாக வைத்திருக்கிறாள்.

இனிப் பட்டியல். மூன்று நாளில் ஆறு தீவு! காலை ஒன்பதுக்கு நயினாதீவு, பதினொன்றுக்கு நெடுந்தீவு, மூன்றுக்கு அனலைதீவு என்று நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கிறாய். இது நீ இருக்கிற ரொட்டர்டாமின் மெட்ரோ இல்லையடா. கணக்கு மாஸ்டர் பார்த்திருந்தால் உன்னைத் திரும்பவும் வாங்கில் ஏற்றியிருப்பார். கடைசி வரியில் கேள்விக்குறியோடு கச்சதீவு வேறு. அந்தோனியார் திருவிழாவுக்குப் பெப்ரவரி, மார்ச்சில் வந்தால் சனத்தோடு சனமாகப் போய்வரலாம். ஓகஸ்டில் நீயும் உன் பிள்ளைகளும் அங்கே தனியாகப் போய் இறங்கினால் இரண்டு நாட்டுக் கடற்படையும் உன்னைத் தேடி வரும். அதை வெட்டு.

உன் கணக்கு எங்கே பிழைத்தது என்றால், நீ போகிற படகைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறாய். தீவுக்குப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது, திரும்புகிற படகு எத்தனை மணிக்கு என்று. அதிலிருந்து பின்பக்கமாக எண்ணிக்கொண்டு வா. இந்தப் படகுகள் சுற்றுலாக்காரருக்காக ஓடுவதில்லை. கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற ஊர்ச்சனத்துக்காக ஓடுகின்றன. அதனால்தான் அனலைதீவையும் வெட்டச் சொல்கிறேன். அதற்கு ஊர்காவற்றுறையில் படகு ஏற வேண்டும், நேரமும் உன் வசதிக்கு ஒத்துவராது. உனக்கு மனவருத்தமாக இருக்கும், தெரியும். ஒல்லாந்தர் அனலைதீவுக்கு வைத்த பெயரே ரொட்டர்டாம்தான். ரொட்டர்டாமிலிருந்து புறப்பட்டு ரொட்டர்டாமுக்குப் போய் வந்தோம் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்ல ஆசைப்படுவார்கள். பரவாயில்லை, லைடனும் மிடில்பர்க்கும் ரோட்டிலேயே வரும். வேலணையைத் தாண்டினால் லைடன் முடிந்தது, கடலுக்கு நடுவால் போகிற தாம்போதி ரோட்டைக் கடந்தால் புங்குடுதீவு, அதுதான் மிடில்பர்க். நயினாதீவு ஹார்லம், காரைநகர் அம்ஸ்டர்டாம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துவிட்டு, வீட்டு நினைவில் அழுதுகொண்டே பெயர் வைத்திருப்பார்கள் போல. நீயும் அங்கே போய் உன் வீட்டுக்கு 'மாவிட்டபுரம்' என்று பலகை மாட்டியவன்தானே, சிரிக்காதே.

என் திட்டம் இது. ஒரு நாளுக்கு ஒரு தீவு.

முதல் நாள் நயினாதீவு, ஏனென்றால் அதுதான் லேசு. 776 பஸ்ஸிலோ வானிலோ பண்ணைப் பாலம் ஏறி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறை. தாம்போதியில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல். இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல், சிறகுவலைத் தடிகள், ஒவ்வொரு தடியிலும் ஒரு கொக்கு. குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிடம் படகு. படிக்கட்டால் இறங்கிப் படகின் வயிற்றுக்குள் குனிந்து இருக்க வேண்டும், டீசல் மணம் மூக்கில் ஏறும், உன் சின்னவனுக்குத் தலை சுற்றினால் வாசலோரம் இருத்து. நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டு, மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் எல்லோரோடும் பந்தியில் இருந்து சாப்பிடுங்கள், ஹோட்டல் தேடாதே. கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. பௌர்ணமி நாளும் சனி ஞாயிறும் வேண்டாம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும், படகு வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

இரண்டாம் நாள் படகே பெரிதாகத் தேவையில்லை. சாட்டிக் கடற்கரையில் காலையில் குளிப்பு, அப்புறம் ஊர்காவற்றுறை. அங்கிருந்து காரைநகர் கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் வானில் போவதென்றால் யாழ்ப்பாணம் சுற்ற வேண்டும். வானைச் சுற்றி வரச் சொல்லிவிட்டு நீங்கள் பாதையில் ஏறுங்கள். பிள்ளைகளிடம் 'பாதையில் போகிறோம்' என்று சொன்னால் ரோட்டைத் தேடுவார்கள், இது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதக்கிற பாதை என்று விளங்கப்படுத்து. பாதையிலிருந்து பார்த்தால் நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். ஹம்மன்ஹீல் என்ற அதன் பெயருக்குப் பன்றித்தொடையின் குதிப் பக்கம் என்று அர்த்தம். இலங்கை வரைபடம் ஒல்லாந்தனுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மாங்காய், அவனுக்கு அது. பின்னேரம் கசூரினாக் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வீடு வந்து சேருங்கள்.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

ஓகஸ்ட் என்றால் சோளகக்காற்று. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல், அதில் காற்றுக்கு மறைப்பென்று எதுவும் இல்லை. காலையில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், திரும்பி வரும்போதுதான் தூக்கிப் போடும். கடல் மோசமென்றால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். அதனால் நெடுந்தீவுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, அடுத்த நாளையும் வெறுமனே விட்டுவை. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மட்டும் நெடுந்தீவுக்குப் போகாதே. குடிதண்ணீர் இங்கிருந்தே கொண்டு போ, அங்கே கிணற்றுத் தண்ணி பல இடத்தில் சவர். மழை வாடைக்காற்றோடு ஒக்டோபரில்தான் வரும், ஓகஸ்டில் புல் காய்ந்து, அங்கே கட்டாமல் திரிகிற குதிரைகள் விலா எலும்பு தெரிய நிற்கும். உன் மகள் அழுவாள், முன்கூட்டியே சொல்லிவை. அங்கே இறங்கினதும் ஓட்டோ பிடித்தால் பெருக்குமரம், புறாக்கூடு, கோட்டை, வளரும் கல் எல்லாம் ஒரு சுற்றில் காட்டுவான். பெருக்குமரத்தின் பொந்துக்குள் உன் குடும்பம் முழுக்க நிற்கலாம், நீ கொஞ்சம் வயிற்றை உள்ளே இழுத்தால்.

மாவிலித்துறையில் இறங்கினதும் ஒரு நினைவிடம் இருக்கிறது. குமுதினிப் படகு. 1985 மே 15. நாங்கள் எட்டாம் வகுப்பு, அன்றைக்குப் பின்னேரம் வகுப்பில் ஒருவரும் கதைக்கவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். படகில் வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களை, கைக்குழந்தையோடு, வெட்டிக் கொன்றார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள். குதிரை பார்க்க வந்த இடத்தில் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்துவை. எனக்கு வைகாசி மாதம் அந்த இடத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

ஓம், நான் போனேன். அதுதான் நீ எழுதிய அதே கிழமை. மனைவியின் தமையன் குடும்பம் கொழும்பிலிருந்து வந்திருந்தது, நான்தான் பெரிய வழிகாட்டி. திரும்புகிற படகைப் பற்றி மேலே இவ்வளவு பிரசங்கம் செய்தேனே, அதைத் தவறவிட்டவன் நான்தான். ஓட்டோ டயர் காற்றுப் போய், நாங்கள் துறைக்கு வரும்போது படகின் பின்பக்கமும் கொஞ்சப் புகையும்தான் தெரிந்தது. பெரியத்தானிடம் சொல்லிவிடாதே, உயிரை வாங்குவார்.

துறையடியில் கடை வைத்திருக்கிற ஒரு ஆச்சி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எவடம்?" என்று கேட்டா. சொன்னேன். "இங்க ஆரையும் தெரியுமோ?" என்றா. எனக்கு அந்த ஊரில் தெரிந்தது உன் அம்மாவின் பெயர் ஒன்றுதான். சொன்னேன். ஆச்சி தராசைக் கீழே வைத்துவிட்டா. "வாத்தியார் வீட்டுப் பெட்டையின்ர மகன்ர கூட்டாளியோ?" அவ்வளவுதான். அன்றிரவு ஏழு பேருக்கும் புட்டும் மீன்சொதியும், படுக்கப் பாயும். காசை எடுத்தேன், ஆச்சி பார்த்த பார்வையில் திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

இருட்டுமுன் பேரனைச் சைக்கிளில் அனுப்பி எனக்கு உங்கள் பழைய வீட்டு வளவைக் காட்டச் சொன்னா.

மச்சான், கூரை இல்லை. கதவு நிலை ஒன்று மட்டும் நிற்கிறது. ஆனால் கல்வேலி அப்படியே இருக்கிறது. ஒரு சாந்தும் பூசாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் சின்னக் கல்லைச் செருகி, இடுப்பளவுக்கு. ஒரு கல்லில் மூளை மாதிரி வரிவரியாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், வெயில் போன பிறகும் சூடு. படலை இருந்த இடம் திறந்துதான் கிடக்கிறது, அதற்குள்ளால் ஒரு பெட்டைக் குதிரையும் குட்டியும் வந்து பூவரசின் கீழ் நின்றன. எங்களைக் கண்டு ஓடவும் இல்லை. கிணற்றுக்கட்டில் கயிறு இழுத்து இழுத்துப் பதிந்த பள்ளம் நாலு இருக்கிறது. ஒன்று மற்றவற்றைவிட ஆழம் குறைவு, சின்னக் கைகள் இழுத்ததாக இருக்கும்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் எல்லோரிடமும் அந்தக் கிணற்றைப் பற்றித்தானே கேட்டா. தண்ணி நல்லதோ, இன்னும் இறைக்கிறார்களோ என்று. நீ அறையை விட்டு வெளியே போய்விடுவாய். உன் பட்டியலில் பெருக்குமரம் இருக்கிறது, வளரும் கல் இருக்கிறது, படம் எடுக்க எந்த நேரம் வெளிச்சம் நல்லது என்றுகூட இருக்கிறது. வளவு இல்லை. மறந்திருக்கமாட்டாய். அதைக் கேட்பதா விடுவதா என்று தெரியாமல்தான் ஏழு கிழமை இந்தக் கடிதத்தைத் தள்ளிப் போட்டேன். போனில் சொல்லவும் மனம் வரவில்லை.

நீ போகாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஓட்டோச் சுற்றில் அது வராது, தனியாகச் சொல்லித்தான் போக வேண்டும், முக்கால் மணித்தியாலம் கூடப் பிடிக்கும். போவதென்றால் வளரும் கல்லை வெட்டு, அது இனியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், அடுத்த முறை பார்க்கலாம்.

அப்புறம், கிணற்றுத் தண்ணியைக் குடித்துப் பார்த்தேன். பேரன் வாளி கொண்டு வந்தான். கொஞ்சம் சவர்தான், ஆனால் குடிக்கலாம்.

நல்லூர்த் தேருக்கு முன்னா பின்னா வருகிறாய் என்று உடனே அறிவி, வான்காரனுக்குச் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு ஏதாவது கொண்டு வா. சொக்லேட் வேண்டாம், பல் இல்லை. ஒரு நல்ல டோர்ச்லைட் கொண்டு வா.

அன்புடன்,
ஆறாம் வாங்கு