நொதிக்கு முன்னால் நடக்கும் வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

மரத்திலிருந்து எரிபொருள் எடுப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நொதியைக் கலந்தால் மரம் எரிபொருளுக்கான சர்க்கரையாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மரத்துண்டுகளை நீராவியில் பதப்படுத்துவதே என் அன்றாட வேலை. அதனால் விட்டுப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொடித்த யூகலிப்டஸ் மரத்தில் நொதியை அப்படியே ஊற்றிவைத்தால், இரண்டு மூன்று நாள் ஆனாலும் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸில் சிறு பங்குதான் சர்க்கரையாகும். இத்தனைக்கும் இத்தகைய கடின மரங்களின் எடையில் 40 முதல் 45 சதவீதம் வரை செல்லுலோஸ்தான். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியும் லிக்னின் என்ற பசை போன்ற பொருளும் இறுகப் பிணைந்திருப்பதால் நொதி உள்ளே நுழைய வழியில்லை.

அந்த வழியைத்தான் நாங்கள் திறக்கிறோம். துண்டுகளை அழுத்தக் கலனில் அடைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் நீராவியில் சில நிமிடம் வைத்து, வால்வைச் சட்டென்று திறந்துவிடுவோம். காப்பிக் கசடு மாதிரி ஈரமான பழுப்பு நார் வந்து விழும். பக்கத்தில் போனால் வினிகர் நெடி அடிக்கும். அமிலம் எதையும் நாங்கள் சேர்ப்பதில்லை. கடின மரத்தின் ஹெமிசெல்லுலோஸில் அசிட்டைல் தொகுதிகள் என்ற சிறு கிளைகள் நிறைய உண்டு. சூட்டில் அவை பிரிந்து, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலமாகின்றன. அந்த அமிலமே ஹெமிசெல்லுலோஸைச் சிதைத்துக் கரைக்கிறது. பைன் போன்ற மென்மரங்களில் அசிட்டைல் குறைவு. அங்கே பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடையோ கந்தக அமிலத்தையோ சேர்த்தாக வேண்டும்.

இன்னும் கொஞ்சம் சூடு வைத்தால் நன்றாகத் திறக்குமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். அளவு மீறினால், ஹெமிசெல்லுலோஸிலிருந்து வந்த சைலோஸ் என்ற சர்க்கரை ஃபர்ஃபியூரால் என்ற வேதிப்பொருளாக மாறும். பின்னால் சர்க்கரையை ஈஸ்டால் நொதிக்க வைத்து எரிபொருளாக்கும்போது, அது ஈஸ்டை முடக்கிவிடும். அப்புறம் லிக்னின். நீராவியில் அது உருகி இடம் மாறுகிறதே தவிர, பெரும்பகுதி நாரிலேயே தங்கிவிடுகிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் நொதி வீண்தான்.

பதப்படுத்திய நாரை, எடுத்துவைக்க வசதி என்று காயவைக்கவும் கூடாது. திறந்த நுண்துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் பழையபடி திறக்காது. நாங்கள் ஈரத்தோடே மூடி, குளிரில் வைக்கிறோம்.

இனி இது பற்றி எழுதும்போது, இவ்வளவு சர்க்கரை கிடைத்தது என்பதோடு எந்த மரம், எந்தச் சூடு, எத்தனை நிமிடம் என்பதையும் தயவுசெய்து போடுங்கள். அவை இல்லாவிட்டால் ஓர் ஆய்வின் அளவை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது.

இப்படிக்கு,
மர வேதியியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்